மின்சாரக் காடி (கார்), ஹைப்ரிட், பெட்ரோல்: சுங்கை சிப்புட் பக்கம் உங்கள் அனுபவம் என்ன?

லயத்து வீட்டுக்காரன்
தீபாவளிக்கு ஷா ஆலாமிலிருந்து அக்கா மகன் புது மின்சாரக் காடியில் வந்தான். வந்ததும் வராததுமாக, "பாட்டி, பிளக் எங்கே இருக்கு?" என்றான். எங்களுடையது தோட்டத்துப் பழைய லயம், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடு. உருப்படியான பிளக் ஒன்றுதான், அதில் ஐஸ் பெட்டி. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் ஐஸ் பெட்டி வயரைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருந்த ஆட்டிறைச்சியைச் சட்டியோடு பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். இவன் வாசல்படியில் உட்கார்ந்து, பெட்ரோல் காசு எவ்வளவு மிச்சம் என்று தாத்தாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா தாண்டிப் போகக் காலை மடக்கி வழி விட்டான், கணக்கை நிறுத்தவில்லை. காடி நல்ல காடிதான். அந்தக் காலை மடக்கினதுதான் மனசைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பழைய ஹைப்ரிட்
மின்சாரத்தை விடுங்கள், என் கதையைக் கேளுங்கள். 2013 கடைசி வரை வெளிநாட்டிலிருந்து வரும் ஹைப்ரிட்டுக்கு, அதாவது பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரி மோட்டாரும் உள்ள காடிக்கு, வரி விலக்கு இருந்ததல்லவா, அப்போது இறங்கியதில் ஒன்று, பல கை மாறி என்னிடம் வந்தது. பேட்டரி விளக்கு எரிந்ததும் வழக்கமாகப் போகும் சீனர் வொர்க்ஷாப்பில் விட்டேன். அப்பாவின் மோட்டார் காலத்திலிருந்து எதையும் முடியாது என்று சொல்லாத மனிதர். பின் சீட்டைக் கழற்றினார். பெரிய பேட்டரியின் ஆரஞ்சு வயர் தெரிந்தது, அதில் ஓடுவது ஆபத்தான மின்சாரம். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றார். "இனி போலே மாத்தி லா" என்றார், இது ஆளைக் கொன்றுவிடும் என்று மலாயில், அவ்வளவுதான். அந்தத் தாவுக்கே (முதலாளி) பயந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

வயரிங் தம்பி
லயத்து வீட்டண்ணே, காலைப் பற்றி எழுதினீர்கள், வயரைப் பற்றி எழுதவில்லையே! என் கதை சின்னது: ஒரு வீட்டில் காடிக்குப் போட்டிருந்த எக்ஸ்டென்ஷன் சுருளைத் தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது, ரப்பர் வாடை.

இனி எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். சாதா பிளக்கில் 10 ஆம்பியர் இழுத்தால் 2.3 கிலோவாட். 60 கிலோவாட் மணி பேட்டரி காலியாக இருந்தால் நிறைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் பழைய வயர் முழுச் சுமையைத் தாங்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் வேண்டவே வேண்டாம். மெயின் பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், கசிவு மின்சாரத்தை வெட்டும் கருவி, எர்த் சரியா என்று சோதனை. சுவரில் மாட்டும் 7 கிலோவாட் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர், அதற்கு லைசென்ஸ் உள்ள வயர்மேன்தான் வர வேண்டும். தோட்டத்து வீடென்றால் வயரிங் நிர்வாகத்துடையது, ஆபீசில் கேட்காமல் கை வைக்காதீர்கள். அப்புறம்

லயத்து வீட்டுக்காரன்
தம்பி, வயரிங் வகுப்பா எடுக்கச் சொன்னேன்?

மாட்டுக்காரர் மகன்
எங்கள் செம்மண் ரோட்டில் மாடுகள் நடுவில்தான் படுக்கும். அப்பாவின் பழைய சாகா பெட்ரோல் காடி முக்கில் திரும்பும்போதே எழுந்து ஒதுங்கிவிடும், எஞ்சின் சத்தம் அப்படி. போன மாசம் செம்பனைக் காட்டைச் சுற்றிப் பார்க்க ஒருவர் மின்சாரக் காடியில் வந்தார். மாட்டுக்குப் பின்னால் முட்டுகிற தூரம் வரை வந்துவிட்டார், ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஹாரன் அடித்ததும் மிரண்டு ரோட்டோரக் காண்டா வாய்க்காலில் இறங்கியது எங்கள் சினைப் பசு. அப்பாவுக்கு அன்றோடு மின்சாரக் காடி என்றாலே ஆகாது. 2025 கடைசியில் மைகார்டை (அடையாள அட்டை) தட்டினால் மானியப் பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி, மாசம் 300 லிட்டர் வரை என்று வந்தது. எங்களுக்கு அதில் பாதிகூட ஆகாது. எதற்கு மாற்ற வேண்டும்?

வயரிங் தம்பி
மெதுவாக ஓடும்போது சத்தம் எழுப்பும் ஸ்பீக்கர் அதில் இருக்கும் அண்ணே, அவர் அணைத்து வைத்திருப்பார்.

மாட்டுக்காரர் மகன்
அதை மாட்டிடம் சொல்லுங்கள்.

நைட் ஷிப்ட் அக்கா
ஆண்கள் எல்லோரும் வயர், மாடு என்று பேசுகிறீர்கள். நான் தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய் விடியற்காலையில் திரும்புகிறேன். இரவில் நடுரோட்டில் காடி படுத்தால் யாரைக் கூப்பிடுவது, அதுதான் என் கேள்வி. ஷோரூமில் அதைக் கேட்டேன். விற்கிற பையன் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஒரு தடவை சார்ஜ் போட்டால் ரேஞ்ச் 300 கிலோமீட்டருக்கு மேலே அண்ணே" என்றான். அவருக்கு லைசென்சே கிடையாது. என் பெட்ரோல் மைவி காடியிலேயே போய்க்கொண்டிருக்கிறேன்.