புதுப்பிப்பு: காரைக்குடிக் கடையும் எங்கள் சம்பளப் பாக்கியும்
நான் வேலை பார்த்த ரெடிமேட் கடைக் கம்பெனி திவாலாகி, காரைக்குடிக் கிளையில் பதினோரு பேரை இரண்டு மாதச் சம்பளப் பாக்கியோடு வீட்டுக்கு அனுப்பியதைப் போன மாதம் எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. 2016 திவால் சட்டப்படி பாக்கியைக் கேட்கும் படிவம் டி போட்டாச்சு; சம்பளச் சீட்டைத் தொலைத்தவர்கள் பாஸ்புக் நகல் வைத்தோம். கம்பெனியைக் கலைத்து விற்றால், 53ஆம் பிரிவில் நம்மைத் தொழிலாளி என்று ஏற்றால் 24 மாதப் பாக்கி வரை, பணம் பிரிக்கும் வரிசையில் அடமானம் பிடித்த பேங்குகளுக்குச் சமமான இடம். வெறும் ஊழியர் என்றால் 12 மாதம்தான், அதுவும் அவர்களுக்கு அப்புறம். சேல்ஸில் நாள் முழுக்க நின்ற காலுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா? பி.எஃப். கணக்கில் கட்டிய பணத்தில் யாரும் கை வைக்க முடியாது, அது ஒன்று நிம்மதி.

நேற்று அந்தப் பக்கம் போனேன். கண்ணாடிக்குள் பொம்மை இன்னும் தீபாவளிச் சட்டையோடு நிற்கிறது, விலைச்சீட்டு நான் குத்தியது. பில்லிங் அக்கா கண்டாங்கிச் சேலைக் கடையில் சேர்ந்துவிட்டார். நான் இன்னும் தேடுகிறேன்.