கடப்பா கல் மேடையை மாற்றுகிறோம்: கறுப்பு கிரானைட்டா, வெள்ளை குவார்ட்ஸா?

வித்யா, மடிப்பாக்கம்:
வணக்கம். எல் வடிவச் சமையல் மேடை. ஒரு பக்கம் 10 அடி, மூலையைக் கழித்து மறுபக்கம் 6 அடி, அகலம் 2 அடி. இப்போது இருப்பது கடப்பா கல். அடுப்பு ஓரத்திலும் சிங்க் ஓரத்திலும் வெள்ளைத் திட்டுகள், எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. தினமும் புளி, மஞ்சள், எலுமிச்சை புழங்கும் சமையல். சூடான பாத்திரத்தை அப்படியே மேடையில் இறக்கி வைக்கும் பழக்கமும் உண்டு. மாடுலர் கிச்சன்காரர் வெள்ளை குவார்ட்ஸ் போடச் சொல்கிறார். மேஸ்திரி கறுப்பு கிரானைட்டே போதும், பழைய கல் மேலேயே ஒட்டிவிடலாம் என்கிறார். போர் தண்ணீர், உப்பு அதிகம். எதைப் போடலாம்?

செந்தில்:
அது கறை இல்லை மேடம், அரிப்பு. கடப்பா ஒரு சுண்ணாம்புக் கல். புளி, எலுமிச்சை பட்டால் பாலிஷைத் தின்றுவிடும். மறுபடி பாலிஷ் போட்டாலும் திட்டு திரும்ப வரும். மாற்றுவது சரிதான்.

உங்கள் சமையலுக்கு கிரானைட்தான். குவார்ட்ஸ் பலகை என்பது குவார்ட்ஸ் தூளோடு 7 முதல் 10 சதவீதம் ரெசின் (பிளாஸ்டிக் போன்ற பசை) கலந்து அழுத்திச் செய்தது. தூள் சூடு தாங்கும், ரெசின் தாங்காது. 150 டிகிரியைத் தாண்டினாலே பிரச்சினை. குக்கர் 120 டிகிரி அளவில்தான் இருக்கும். ஆபத்து தோசைக்கல்லிலும் எண்ணெய் காய்ந்த வாணலியிலும்தான், அவை 200ஐத் தொடும். இறக்கி வைத்த இடம் மஞ்சளித்துப் போனால் அந்த வடு போகாது. மஞ்சள்தூள் கறையை உடனே துடைத்தால் சரி, ராத்திரி முழுக்க விட்டால் வெள்ளையில் மங்கலாக நிற்கும்.

கிரானைட் வாங்கப் போகும்போது பஞ்சு, நெயில் பாலிஷ் ரிமூவர், அரை மூடி எலுமிச்சம்பழம் கொண்டுபோங்கள். சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்பதுண்டு. அசிட்டோன் உள்ள ரிமூவரில் வெள்ளைப் பஞ்சை நனைத்துத் தேயுங்கள், பஞ்சு கறுத்தால் அந்தக் கல் வேண்டாம். எலுமிச்சைச் சாறு விட்டு 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள், அந்த இடம் மங்கினாலும் வேண்டாம். பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால் பலவீனமான கல் என்று அர்த்தம். கனத்தை நாலு ஓரத்திலும் டேப் வைத்துப் பாருங்கள். எங்கேயும் 18 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

அளவு: முன்னால் 1 அங்குலம் நீட்டினால் மேடைக்கு மட்டும் 33 சதுர அடி சொச்சம். சுவரோரம் 4 அங்குலப் பட்டி 18 அடிக்கு 6 சதுர அடி. சேதாரத்தோடு 45 வாங்குங்கள். மோல்டிங் (முன் ஓரத்தை உருட்டி பாலிஷ் போடுவது) தனிக் கணக்கு, சுமார் 14 ரன்னிங் அடி.

உமா:
கறுப்பில் ஒரு குறை இருக்கிறது. போர் தண்ணீர் காய்ந்தால் ஒவ்வொரு சொட்டும் வெள்ளையாகத் தெரியும். பொன் புள்ளி உள்ள பிளாக் கேலக்ஸி (ஆந்திரா சீமகுர்த்திக் கல்) கொஞ்சம் மறைக்கும். படிந்துவிட்ட உப்பை பிளேடைப் படுக்க வைத்துச் சுரண்டினாலே வந்துவிடும். பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் இணைப்பில் இருக்கும் ஒயிட் சிமெண்டைத் தின்றுவிடும்.

வித்யா:
ரொம்ப நன்றி. கிரானைட்தான் போடப் போகிறோம். சிங்க், கல்லுக்கு அடியில் பொருத்தும் வகை; அடுப்பு, மேடையை வெட்டிப் பதிக்கும் ஹாப் வகை. பழைய கல் மேல் ஒட்டலாமா?

செந்தில்:
இந்த இரண்டும் வேண்டுமென்றால் ஒட்டாதீர்கள், பழையதை எடுத்துவிடுங்கள். கல் மேல் கல் வந்தால் ஓரம் இரட்டைக் கனமாகிவிடும், ஹாப்பின் கிளிப் அடியில் எட்டாது. சிங்க் இடத்தில் கீழ்க்கல்லை இன்னும் அகலமாக வெட்ட வேண்டிவரும். சாதாரண சிங்க், மேலே வைக்கும் அடுப்பு என்றால் ஒட்டலாம். அதற்கும் முதலில் காசால் தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் வந்தால் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு நீங்கக் கழுவி, பாலிஷைக் கிரைண்டரால் கீறிவிட்டு, பாலிமர் கலந்த பசையில்தான் ஒட்ட வேண்டும். வெறும் சிமெண்ட் பால் பிடிக்காது.

வெட்டுவதில்தான் பல மேடைகள் கெடுகின்றன. ஹாப், சிங்க் இரண்டையும் வாங்கி வந்த பிறகே வெட்டச் சொல்லுங்கள், மாடலுக்கு மாடல் அளவு வேறு. நாலு மூலையிலும் முதலில் துளை போட்டு, துளையிலிருந்து துளைக்கு வெட்ட வேண்டும். மூலையைக் கூராக வெட்டினால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். முன்பக்கம் குறைந்தது 3 அங்குலக் கல் நிற்கட்டும். அந்தப் பட்டிதான் மேடையிலேயே பலவீனமான இடம், அங்கே தேங்காய் உடைக்கக் கூடாது. இணைப்பு இந்த வெட்டுகளிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வரட்டும். இணைப்புக்கு ஒயிட் சிமெண்ட் வேண்டாம், கல் நிறத்தில் எபாக்ஸி.

முன் ஓரத்தின் அடியில், அரை அங்குலம் உள்ளே தள்ளி நீளமாக ஒரு காடி (பள்ளக் கோடு) இழுக்கச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், பிளைவுட் கதவு ஊறாது. கல்லைப் பதித்த பிறகு இதைச் செய்வது கஷ்டம்.

ரஹ்மத்:
வெட்டும் வேலை வீட்டுக்குள் நடக்கக் கூடாது. வெளியே, தண்ணீர் விட்டுக்கொண்டேதான் வெட்ட வேண்டும். கிரானைட் தூளிலும் சிலிகா இருக்கிறது, குவார்ட்ஸ் பலகையில் 90 சதவீதம் வரைகூட இருக்கும். அது நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும், குணப்படுத்த முடியாது. இந்தக் காரணத்தால்தான் ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் குவார்ட்ஸ் பலகைக்குத் தடை. துணியை மூக்கில் கட்டினால் போதாது. தண்ணீர்க் குழாயும் நல்ல முகக்கவசமும் வேலை பேசும்போதே பேசிவிடுங்கள். வெட்டுகிறவர் உயிர் அது.

வித்யா:
மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன், மாடியில் வெட்டுவார்கள். கடைசியாக ஒன்று: கல்லில் கறை ஊறாமல் தடுக்கும் சீலர் அடிக்க வேண்டுமா?

செந்தில்:
ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். கல் அந்த இடத்தில் கருக்கவில்லையென்றால் வேண்டாம், அடர்த்தியான கறுப்புக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. கருத்தால் ஊடுருவும் வகை சீலரைத் தடவி, டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். காயவிட்டால் பிசுபிசுவென்று படலமாக நிற்கும். அதன்பின் ஒரு நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.