புத்தகம் போட 68,000 ரூபாய் கேட்கிறார்கள், அண்ணன் பேசுவதை நிறுத்திவிட்டான். என்ன செய்யட்டும்?

உபதேசியார் மகள்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நிறைய வாசித்திருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. பன்னிரண்டு வருஷமாக எங்கள் சேகரத்து (பக்கத்துச் சபைகள் பல சேர்ந்த வட்டாரம்) மாதப் பத்திரிகையிலும் வேறு இரண்டு கிறிஸ்தவ இதழ்களிலும் எழுதி வருகிறேன். பெரும்பாலும் தியானக் கட்டுரைகள், எப்போதாவது ஒரு கதை. மூன்று வருஷமாக உட்கார்ந்து எழுதியது எங்கள் அப்பாவைப் பற்றி. அப்பா சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர்களில் முப்பத்தொரு வருஷம் உபதேசியாராக, அதாவது ஆயருக்குக் கீழே கிராமச் சபையைக் கவனிக்கிற ஊழியராக, இருந்தார்கள். செம்மணலில் சைக்கிள் ஓடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். சனிக்கிழமை ராத்திரி அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆபீசிலிருந்து வந்த சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில் பிரசங்கக் குறிப்பு எழுதுவார்கள், வெற்றுத் தாளை எடுக்க மனசு வராது. அந்தத் தாள்கள் ஒரு ஓலைப்பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துத்தான் புத்தகம்.

போன அக்டோபரில் கிறிஸ்தவ எழுத்தாளர்களுக்கான மூன்று நாள் மாநாடு ஒன்றுக்குப் போயிருந்தேன். இரண்டாம் நாள் இரவு அவரவர் எழுதியதை வாசிக்கச் சொன்னார்கள். நான் நாலு பக்கம் வாசித்தேன், அண்ணன் வீட்டை விட்டுப் போன இரவைப் பற்றி. அண்ணனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, கட்டப் பணம் இல்லை. ஆலயக் கட்டட நிதி 1,800 ரூபாய் அப்பா கையில் இருந்தது. ஒரு மாதத்துக்குக் கடனாகக் கொடுங்கள் என்று அண்ணன் கெஞ்சினான். அது கர்த்தருடைய பணம், தொட மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார்கள். அண்ணன் கையை ஓங்கிவிட்டான். அடிக்கவில்லை, ஓங்கினான். மறுநாள் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டான். எனக்கு அப்போது ஒன்பது வயது, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

வாசித்து முடித்தபோது பலர் அழுதார்கள். யாரோ அதைப் போனில் பதிவு செய்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றி, அண்ணன் மகளுக்குப் பேசி முடித்திருக்கிற சம்பந்தி வீட்டுக்கே போய்விட்டது. அண்ணன் போன் செய்து, "நாப்பது வருஷமா நான் சாமிகிட்ட சொல்லிட்டு வந்ததை நீ மைக்ல சொல்லிட்டியே" என்றான். அதற்கப்புறம் ஐந்து மாதமாகப் பேச்சு இல்லை. மதினி மட்டும் கிறிஸ்துமஸுக்கு ஒரு வரி அனுப்பினார்கள்.

அதே மாநாட்டில் ஒரு பதிப்பகத்தார் வந்து, புத்தகத்தை நாங்கள் போடுகிறோம் என்றார்கள். 160 பக்கம், 500 பிரதி, 68,000 ரூபாய். அதில் ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணுக்கு 3,000, அடுத்த மாநாட்டில் வெளியீட்டு விழா மேடைக்கு 5,000. எனக்கு 50 பிரதி இலவசம், மேலும் வேண்டுமென்றால் விலையில் 40 சதவீதம் கழித்து நானே வாங்கிக்கொள்ளலாம். ஒப்பந்தம் ஒரே பக்கம், எல்லா உரிமையும் நிரந்தரமாக அவர்களுக்கு என்று இருக்கிறது. மாதக் கடைசிக்குள் கையெழுத்து வேண்டுமாம்.

இன்னொன்று. அந்த வெளியீடு வைத்திருக்கிற ஞாயிற்றுக்கிழமைதான் என் இளைய மகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை, பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக்குகிற ஆராதனை. பேராயர் வருகிற தேதியை மாற்ற முடியாது. என் கணவர், "உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்" என்று மட்டும் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் அவர்களுக்கு வருத்தம் என்று எனக்குத் தெரியும்.

கையெழுத்துப் போடலாமா? அண்ணனைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிடலாமா? அதை எடுத்தால் அப்பா யார் என்பதே புத்தகத்தில் இருக்காது. இதுதான் என் கவலை.

புத்தக மேசை

சகோதரி, நான் இருபத்திரண்டு வருஷமாக நற்செய்திக் கூட்டங்களில் புத்தக மேசை போடுகிறவன். பணக் கணக்கை மட்டும் சொல்கிறேன், மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

68,000 அதிகம், ரொம்பவே அதிகம். போன வருஷம் எங்கள் சபையில் ஒருவருக்காக இதே 160 பக்கம், டெமி அளவு, 500 பிரதி சிவகாசியில் அடித்துக் கொடுத்தேன். மேலட்டைக்கு லாமினேஷன் உட்படப் பிரதி 62 ரூபாய்தான் ஆனது, 31,000. பக்க அமைப்புக்கும் பிழை திருத்தும் மெய்ப்புக்கும் இன்னும் ஒரு எட்டாயிரம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே முழுச் செலவையும் கொடுத்துவிட்டு உங்கள் புத்தகத்தை மறுபடியும் காசு கொடுத்து வாங்குவது என்ன நியாயம்?

மாநாட்டு மேடையில் வெளியிட்டால் விற்கும் என்று நினைக்காதீர்கள். அங்கே வந்திருப்பவர்கள் எல்லோரும் எழுதுகிறவர்கள், ஆளுக்கொரு பை நிறையத் தங்கள் புத்தகத்தோடுதான் வந்திருப்பார்கள். கூட்டங்களில் ஜனங்கள் என் மேசையில் வாங்குவது வேதாகமம், பாட்டுப் புத்தகம், தினதியானம், வருஷக் கடைசியில் காலண்டரும் வாக்குத்தத்த அட்டையும். வாழ்க்கை வரலாறு மெதுவாகத்தான் நகரும், ஆனால் ஒரு இடத்தில் நகரும். உங்கள் அப்பா வேலை செய்த ஊர்களில் அசனப் பண்டிகை, ஆலயத்தில் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற விருந்து, நடக்கும் இல்லையா? அன்றைக்குப் பம்பாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள். எங்கள் உபதேசியார் என்று சொல்லி ஆளுக்கு இரண்டு வாங்குவார்கள். பந்தி நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டால் போதும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒரு சின்ன ஊரில் ஒரே மதியத்தில் 90 பிரதி போனது.

வெளியூருக்கு அனுப்ப ஒரு தகவல். பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்தியதும் எங்களைப் போன்றவர்கள் தவித்துப்போனோம். 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது, 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. சமய நூல்களும் அதில் அனுப்பலாம்.

கோட்டாறு அக்கா

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். எனக்கும் இது நடந்திருக்கிறது, அதனால் மனசில் பட்டதைச் சொல்லுகிறேன்.

எங்கள் அம்மா கடைசி ஆறு வருஷம் மனநிலை சரியில்லாமல் இருந்தார்கள். அதை எழுதினேன், அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. சாட்சிதானே, ஆண்டவருக்கு மகிமைதானே, இதற்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். பத்திரிகையில் முதல் பகுதி வந்ததும் என் அக்கா வீட்டில் ஒரு வாரம் அடுப்பு எரியவில்லை என்று கேள்விப்பட்டேன். அப்புறம்தான் மீதிக் கைப்பிரதியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளன்று அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று எழுதியிருந்தேன். அந்த இடம் வந்ததும் கீரையைக் கீழே வைத்துவிட்டு, "கிணத்தடியில போய் அழுதேன், உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எனக்குத் தெரியாதுதான். நான் எழுதியதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் இருந்தது. அதற்கப்புறம் அவளே சொல்லச் சொல்ல எழுதினேன். அந்தப் பகுதியைத்தான் இன்றைக்கும் பெண்கள் கூட்டங்களில் கேட்கிறார்கள்.

நீங்கள் ஒன்பது வயதில் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தது உங்கள் பங்கு. அண்ணன் ரயிலில் உட்கார்ந்து என்ன நினைத்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? அவரிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள், எழுதியதற்காக அல்ல, அவருக்குச் சொல்லாமல் வாசித்ததற்காக. இந்த இரண்டும் வேறு வேறு. போனில் வேண்டாம், நேரில் போங்கள். சம்பந்தி வீட்டு விஷயம் முடிகிற வரைக்கும் அந்த அத்தியாயத்தை வெளியே விடவே வேண்டாம். ஒரு பெண் பிள்ளையின் கல்யாணத்துக்கு முன்னால் புத்தகம் ஒரு வருஷம் காத்திருக்கலாம்.

திடப்படுத்தலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை. பேராயர் பிள்ளையின் தலையில் கை வைக்கிற நேரத்தில் அம்மா பெஞ்சில் இருக்க வேண்டும்.

மெய்ப்பு பார்த்தவன்

நான் ஓய்வு பெற்ற மெய்ப்புத் திருத்துநர். ஒப்பந்தத்தைப் பற்றி நாலு வார்த்தை.

ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். புதுதில்லியில் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கொடுக்கிறது. எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். 3,000 கேட்பதைக் கொடுக்காதீர்கள்.

உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எந்தெந்த உரிமை, எவ்வளவு காலத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்று பத்திரத்தில் இருக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாதவரை அந்த உரிமை காலாவதியாகிவிடும். ஆனால் நிரந்தரம் என்று எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பெல்லாம் அவ்வளவாக உதவாது. பதிப்பகத்துக்கு இந்தப் பதிப்பு அல்லது மூன்று வருஷம், அதற்கு மேல் வேண்டாம்.

இதைவிட முக்கியமான ஒன்று. ஓலைப்பெட்டியில் இருக்கிற பிரசங்கக் குறிப்புகள் உங்கள் அப்பா எழுதியவை. உயில் எழுதாமல் போயிருந்தால் அவற்றின் உரிமை வாரிசுகள் எல்லோருக்கும். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன்படி கிறிஸ்தவர்களான நம்மவர்களில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. அப்படியானால் உங்கள் அண்ணன் சம்மதிக்காமல் அந்தத் தாள்களை நீங்கள் அச்சிடுவதும் சரியல்ல, ஒரு பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுப்பதும் சரியல்ல. உங்கள் இரண்டு கேள்வியும் ஒரே கேள்விதான் அம்மா.

புத்தகம் வெளிவந்தால் பதிப்பாளர் முப்பது நாளைக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் பிரதி அனுப்ப வேண்டும், 1954-ஆம் வருஷத்துச் சட்டம். பலர் அனுப்புவதில்லை. நீங்கள் கேட்டு வாங்கி அனுப்பச் செய்யுங்கள். தேரிக்காட்டு உபதேசியார் ஒருவருடைய பெயர் கன்னிமாராவில் இருக்கட்டும்.

அவசரமும் வேண்டாம். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியம் பாளையங்கோட்டையில் நற்போதகம் இதழில் வருஷக்கணக்காகப் பகுதி பகுதியாக வந்து, 1894-இல்தான் நூலானது. உங்களுக்கும் பத்திரிகை இருக்கிறது, பிரச்சினை இல்லாத அத்தியாயங்களை முதலில் அதில் போடுங்கள்.

தூத்துக்குடி வாசகன்

எல்லோரும் பணம் கொடுக்காதே என்கிறீர்கள். நான் கொடுத்துத்தான் போட்டேன், 45,000, எனக்கு வருத்தம் இல்லை. பெரிய பதிப்பகங்கள் எங்களைப் போன்றவர்களுக்குப் பதில்கூடப் போடுவதில்லை. ஆனால் உரிமையை எழுதிக் கொடுக்கவில்லை, 500 பிரதியும் என் வீட்டுக்கு வந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் கட்டிலுக்குக் கீழே இருந்து எடுத்துப் பலகை மேல் வையுங்கள், எனக்கு அறுபது பிரதி கரையானுக்குப் போனது.

உபதேசியார் மகள்

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள்.

பதிப்பகத்துக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். கோபப்பட்டார்கள், பரவாயில்லை.

கோட்டாறு அக்கா, நேரில் போனேன். பள்ளிக்கூட லீவில் நானும் என் கணவரும் மும்பைக்கு ரயிலில். ஓலைப்பெட்டியையும் கொண்டுபோனேன். அண்ணன் கதவைத் திறந்தான், வா என்று சொல்லவில்லை, பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டான். நான் மன்னிப்புக் கேட்டதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தான். அப்பாவுடைய எழுத்து கடைசிக்கு வர வர நடுங்கியிருக்கும், அந்தத் தாள்களில் ரொம்ப நேரம் இருந்தான். அப்புறம் அவனாகவே சொன்னான். அன்றைக்கு விடியற்காலையில் அப்பா திருநெல்வேலி ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியாமல். தன்னுடைய கைக்கடிகாரத்தை விற்று 140 ரூபாயை அவன் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்களாம். அப்பா கையில் கடிகாரம் இல்லாமல் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னார்கள்.

இது இல்லாமல் மூன்று வருஷம் எழுதியிருக்கிறேன்.

அச்சில் போடலாம் என்று அண்ணன் இன்னும் சொல்லவில்லை. மகள் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்ப்போம் என்றான். மெய்ப்பு ஐயா சொன்ன சட்டத்தையும் சொன்னேன். மதினி சிரித்துவிட்டு, "அப்ப எங்களுக்கும் பங்கு உண்டு" என்றார்கள். திடப்படுத்தலுக்கு வருகிறோம் என்று டிக்கெட் போட்டிருக்கிறார்கள்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. தாள்களின் ஓரம் பொடிந்து உதிர்கிறது, சிலவற்றில் யாரோ முன்பு செல்லோடேப் ஒட்டி அது பழுப்பாகிவிட்டது. ஸ்கேன் எடுக்கும் முன்னால் அந்த டேப்பைப் பிரிக்கலாமா, அப்படியே விடலாமா?