சுவரோடு ஒட்டி நிற்கும் உயர்விலை ஓஎல்இடி தொலைக்காட்சி: கூடுதல் பணத்துக்குத் தகுமா?

இளவேனில் கேட்டது:

வணக்கம். வரவேற்பறைக்கு 65 அங்குல ஓஎல்இடி தொலைக்காட்சி வாங்க முடிவு செய்திருக்கிறோம். சுவரில் இடைவெளி தெரியாமல் படிந்து நிற்கும் உயர்விலை மாடல் ஒன்று எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் அதே நிறுவனத்தின் ஒரு படி கீழான ஓஎல்இடி மாடலைவிட அதன் விலை மிகவும் அதிகம். சோபாவிலிருந்து சுவர் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தொலைவில் இருக்கிறது, பக்கவாட்டில் பெரிய ஜன்னலும் உண்டு. பகலில் மாமனார் செய்திச் சேனல் பார்ப்பார், இரவில் நாங்கள் திரைப்படம் பார்ப்போம், விடுமுறை நாட்களில் பிள்ளைகள் கன்சோலில் விளையாடுவார்கள். கடையில் இரண்டையும் அருகருகே பார்த்தபோது வேறுபாடு தெரிந்தது. அந்த வேறுபாடு வீட்டிலும் தெரியுமா, அதற்காக இவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

கருந்திரை எழுதியது:

முதலில், எதற்காகக் கூடுதல் பணம் கேட்கிறார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓஎல்இடியின் தனிச்சிறப்பான முழுக்கருப்பு இரண்டு மாடல்களிலும் ஒன்றுதான், ஏனெனில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது, கருப்புக் காட்சியில் தானே அணைந்துவிடுகிறது. பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது என்பதும், வேகமான காட்சிகள் இழுபடாமல் தெரியும் என்பதும் இரண்டுக்கும் பொது. நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது வெளிச்சத்துக்கும், சுவரில் பொருந்தும் வடிவத்துக்கும்தான்.

வடிவத்தைப் பொறுத்தவரை, எல்ஜி 2017இல் கொண்டுவந்த டபிள்யூ7 மாடலின் 65 அங்குலத் திரை 2.57 மில்லிமீட்டர் தடிமனே இருந்தது. அது காந்தப் பிடிமானத்தில் சுவரில் ஒட்டிக்கொள்ள, மின்னணுப் பகுதிகளும் ஒலிபெருக்கிகளும் கீழே தனிப் பெட்டியில் இருந்தன. 2020இல் வந்த ஜிஎக்ஸ் மாடலில் எல்லாமே ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள உடலுக்குள் அடங்கிவிட்டன. அதற்குப் பிந்தைய போட்டி பெரும்பாலும் வெளிச்சத்தைப் பற்றியது: 2022இல் சாம்சங்கும் சோனியும் குவாண்டம் டாட் (ஒளியைத் தூய நிறமாக மாற்றும் நுண்துகள்) கலந்த ஓஎல்இடியைக் கொண்டுவந்தன, 2023இல் எல்ஜி தன் ஜி3 மாடலில் ஒளியை வீணாக்காமல் வெளியே செலுத்தும் நுண்வில்லை அடுக்கைச் சேர்த்தது, 2025இன் ஜி5 மாடலில் ஒளிரும் அடுக்குகளையே நான்காக்கியது.

இந்தக் கூடுதல் வெளிச்சம் எச்டிஆர் (ஒளிக்கும் இருளுக்கும் இடையே அதிக வீச்சுள்ள) படங்களில் விளக்கு, தீப்பொறி, நீரில் மின்னும் வெயில் போன்ற சிறு பகுதிகளில்தான் முழுமையாக வெளிப்படும். திரையின் பெரும்பகுதி வெண்மையாக இருந்தால், மின்சாரத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்துவதற்காகத் தொலைக்காட்சி தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே மாமனார் பகலில் பார்க்கும் வெள்ளைப் பின்னணிச் செய்திக்குக் கிடைக்கும் ஆதாயம், விளம்பரத்தில் சொல்லும் நிட் (வெளிச்ச அலகு) எண்ணிக்கை அளவுக்கு இருக்காது. இன்னொன்று, குவாண்டம் டாட் வகைத் திரைகளில் வெளிச்சம் நேராக விழுந்தால் கருப்பு சற்றே சாம்பல் பூத்துத் தெரியும். பக்கவாட்டு ஜன்னல் உள்ள உங்கள் அறையில் இதைக் கட்டாயம் கவனியுங்கள். கனமான திரைச்சீலை ஒன்று இந்தச் சிக்கலின் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும், அதன் செலவும் அற்பம்.

என் கருத்தில், இரண்டரை மீட்டர் தொலைவில் 65 அங்குலத் திரை உங்கள் பார்வைக் கோணத்தில் 30 டிகிரியைச் சற்றே தாண்டும், 77 அங்குலம் 38 டிகிரியை நெருங்கும். திரைப்பட அனுபவத்துக்கு அந்தப் பரப்பு தரும் நிறைவை வெளிச்சத்தால் ஈடுசெய்ய முடியாது. எனவே உயர்விலை 65ஐ முடிவு செய்யுமுன், கீழ்ப்படி மாடலின் 77 அங்குல விலையையும் விசாரியுங்கள்.

தச்சுப்பட்டறை எழுதியது:

மேலே சொன்னதில் எனக்கு ஓரளவே உடன்பாடு. சுவரில் படிந்து நிற்கும் அழகு அன்றாடம் கண்ணில் படுவது. அதற்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அந்த அழகைச் சுவர்தான் தர வேண்டும். செங்கல் சுவராக இருந்தால் சரியான ஆங்கர் போல்ட் போதும். உள்ளீடற்ற பலகைச் சுவராக இருந்தால் உள்ளிருக்கும் சட்டங்களைக் கண்டறிந்து அவற்றில்தான் தாங்கியைப் பொருத்த வேண்டும். இடைவெளியற்ற தாங்கிகள் பெரும்பாலும் சாயவோ திரும்பவோ மாட்டா. ஆதலால் உயரத்தை முதலிலேயே சரியாகக் குறித்துவிட வேண்டும்: உட்கார்ந்தவர் கண்மட்டம் திரையின் நடுப்பகுதிக்கு அருகில் வர வேண்டும். பலர் படச்சட்டம் மாட்டுவது போல மேலே மாட்டிவிட்டுக் கழுத்துவலியோடு பார்க்கிறார்கள்.

மின்செருகியின் தலை துருத்திக்கொண்டிருந்தால் திரை படியவே படியாது. அதற்கான பெட்டியைச் சுவருக்குள் பதித்தாக வேண்டும். கன்சோலுக்கான 4கே 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை மாறும்) படத்துக்கு நொடிக்கு 48 ஜிகாபிட் தரமுள்ள எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும். தொலைவு அதிகமென்றால் ஒளியிழை கேபிள் போடுங்கள், அதற்கு எந்த முனை கருவிக்கு, எந்த முனை திரைக்கு என்ற திசை உண்டு. பின்னாளில் கேபிளை மாற்ற வசதியாகச் சுவருக்குள் அகலமான குழாய் விடுங்கள். மெல்லிய உடலில் நல்ல ஒலிபெருக்கிக்கு இடம் குறைவு என்பதால், ஈஆர்க் (எச்டிஎம்ஐ கேபிளில் ஒலியை வெளியே அனுப்பும் வசதி) வழியே இணையும் சவுண்ட்பாரின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இளவேனில்:

இருவருக்கும் மிக்க நன்றி. எங்களுடையது செங்கல் சுவர்தான். செய்திச் சேனலின் சின்னமும் கீழே ஓடும் பட்டையும் திரையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

நீலப்பிக்சல் எழுதியது:

உண்மைதான், ஆனால் ஒரே நாளில் நிகழ்வதில்லை. ஒளிரும் கரிமப் பொருள் பயன்பாட்டால் மெல்லத் தேய்கிறது. ஒரே இடத்தில் ஒரே சின்னம் நெடுங்காலம் பளிச்சென்று எரிந்தால் அந்த இடம் மற்ற இடங்களைவிட முன்னதாக மங்கிவிடும். இதை ஈடுகட்டும் பராமரிப்புச் சுழற்சி ஒன்று, மொத்தம் ஏறத்தாழ 4 மணி நேரம் பார்த்த பிறகு, ரிமோட்டால் அணைத்துக் காத்திருப்பு நிலையில் விடும்போது எல்ஜி திரைகளில் தானாக ஓடும். ஆகவே இரவில் சுவர் சுவிட்சையும் சேர்த்து அணைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், தொலைக்காட்சிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். உத்தரவாதப் பத்திரத்தில் சின்னம் இப்படித் திரையில் பதிவதற்குக் காப்பு உண்டா என்றும் எழுத்தில் பாருங்கள்.

மாமனார் நாளெல்லாம் ஒரே சேனலை முழு வெளிச்சத்தில் பார்ப்பவரென்றால், செய்திக்கென்று ஒரு சாதாரண எல்இடி திரையை அவர் அறையில் வைப்பதே நல்லது. ஓரிரு மணி நேரம்தான் பார்க்கிறார் என்றால், வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்க்க அவருக்குச் சம்மதமா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.