பைபர் படகின் அடியில் விரிசல், பழைய ஒட்டு பெயர்கிறது: என்ன செய்யலாம்?

ஏரிக்கரை (தடா):
பழவேற்காடு ஏரியில் ஓட்டுவதற்காக 14 அடி பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பைபர் உடம்பு. சிப்பித் திட்டில் உரசி, அடியில் ஒரு சாண் நீளத்துக்கு ஜெல்கோட் (மேலே உள்ள வழவழப்பான பூச்சு) போய் மேட் (உள்ளே இருக்கும் கண்ணாடி நார் விரிப்பு) தெரிகிறது. முன்பு வைத்திருந்தவர் அதே இடத்தில் எதையோ அப்பியிருக்கிறார், அது ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கரையேற்றிய பிறகும் விரிசலில் ஈரம் கசிகிறது. அதன் மேலேயே ரெசின் (காய்ந்தால் இறுகும் பிசின்) அடித்து மேட் ஒட்டிவிடலாமா?

பாய்க்காரன்:
வேண்டாம் தம்பி. ஈரத்தில் ரெசின் பிடிக்காது. நல்ல தண்ணீரில் பலமுறை கழுவுங்கள். உப்பு தங்கினால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் கவிழ்த்துப் போட்டு நன்றாகக் காய விடுங்கள். அப்பியது எபாக்ஸி என்ற வேறு வகை ரெசினாக இருந்தால் பொட்டு விடாமல் எடுக்க வேண்டும். பைபர் படகுக்கு வழக்கமான பாலியஸ்டர் ரெசின் மேல் எபாக்ஸி ஒட்டும், எபாக்ஸி மேல் பாலியஸ்டர் சரியாக ஒட்டாது.

ஏரிக்கரை:
சரி அண்ணா. எவ்வளவு தூரம் தேய்ப்பது? ஓட்டையே விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மேட் மேஸ்திரி:
விழுந்தால் விழட்டும், உள்பக்கம் பாலித்தீன் சுற்றிய பிளைவுட்டை முட்டுக் கொடுத்து ஒட்டலாம். நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் பொத்தென்று கேட்கும் இடத்தில் மேட் விட்டிருக்கும், அதுவரை தேய்க்க வேண்டும். வெளுத்த நார் ஒன்றும் மிஞ்சக் கூடாது. ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சரிவாக இழையுங்கள். உடம்பு 5 மி.மீ. தடிமன் என்றால் சுற்றிலும் 6 செ.மீ. சரிவு. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். அசிட்டோனில் துடைத்துவிட்டு, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் வையுங்கள். நான் பெரிய துண்டை முதலில் வைத்து மேலே சின்னதை வைப்பேன், மாற்றி வைப்பவர்களும் உண்டு. ரோலரால் காற்றுக் குமிழ் போக அழுத்துங்கள்.

ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 15 மில்லி கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) போதும். கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கலந்த ரெசினா என்று கடையில் கேட்டே வாங்குங்கள். தனியாகக் கொடுத்தால் முதலில் கோபால்ட்டை ரெசினில் கலக்கி, பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேராக ஒன்றில் ஒன்று ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

ஏரிக்கரை:
ஜெல்கோட் பூசினால் பிசுபிசுப்பாகவே நிற்கும் என்கிறார்களே?

பாய்க்காரன்:
காற்றுப் பட்டால் மேல்பரப்பு இறுகாது. கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலக்கலாம், இல்லாவிட்டால் பூசியதும் பாலித்தீன் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிடலாம். எப்படியும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள், அப்புறம் படகைக் காய வைக்க வெயில் கிடைக்காது.