டைட்டானியம் 6-4 வளையம்: உருண்டைப் பொடியா, உடைத்த பொடியா?

கோவைப்பட்டறை:
பம்ப் தொழிலுக்கு இரும்பு, வெண்கல புஷ்களை சின்டர் செய்து (பொடியை அழுத்தி, உருகாத சூட்டில் சூளையில் இறுக்கி) தருகிறோம். இப்போது கடல்நீர் பம்ப் ஒன்றுக்கு இடைவளையம் கேட்டிருக்கிறார்கள். வெளிவிட்டம் 30 மி.மீ., உள்விட்டம் 20, உயரம் 15. வரைபடத்தில் டைட்டானியம் 6-4 (6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் சேர்ந்த கலவை) என்று இருக்கிறது. 100 டன் பிரஸ் இருக்கிறது; வேக்குவம் சூளை வாடகைக்குக் கிடைக்கும். 3டி அச்சுக்கு விற்கும் உருண்டைப் பொடியை வாங்கி அழுத்தலாமா? கலவை தயாராக இருப்பதால் வேலை சுலபம் என்கிறார் விற்பனையாளர்.

சூளையடி:
தம்பி, அந்தப் பொடி உங்கள் பிரஸ்ஸுக்கு ஆகாது. ஏற்கெனவே கலவையான துகள் கடினமானது; உருண்டையாக இருப்பதால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளவும் வழியில்லை. டையிலிருந்து (அழுத்தும் அச்சிலிருந்து) தள்ளியதும் கோலிக்குண்டுகளைப் போல் உதிரும். அதற்குரிய வழி ஹிப், அதாவது சூட்டோடு எல்லாப் பக்கமும் வாயு அழுத்தம் கொடுப்பது: எஃகுக் கூட்டில் நிரப்பி, காற்றை உறிஞ்சி, வாயை வெல்டு செய்து, 920 டிகிரி செல்சியஸ் அளவில், 100 மெகாபாஸ்கல் ஆர்கான் அழுத்தத்தில் சில மணி நேரம் வைப்பார்கள். 26 கிராம் வளையத்துக்கு அது கட்டுப்படியாகாது.

உங்களுக்கு ஏற்றது கலப்பு வழி. ஹைட்ரைடாக்கி உடைத்து, பிறகு ஹைட்ரஜனை நீக்கிய தூய டைட்டானியம் பொடி 90 பங்கு. அலுமினியம் 60, வனேடியம் 40 என்ற தாய்க்கலவைப் பொடி 10 பங்கு. 6-4 கணக்கு சரியாக வந்துவிடும். தூய டைட்டானியம் மென்மையானது, நசுங்கிப் பிணையும். 500 மெகாபாஸ்கல் கொடுத்தாலும் உங்கள் வளையத்தின் பரப்புக்கு 20 டன்தான் ஆகும்.

இனி ஆக்சிஜன். இதில்தான் எல்லாம் இருக்கிறது. இரும்பில் துகள்மேல் இருக்கும் ஆக்சைடை ஹைட்ரஜன் கழற்றிவிடும். டைட்டானியத்தில் அது நடக்காது. சூடேறும்போது ஆக்சைடு உலோகத்துக்குள்ளேயே கரைகிறது. துகள்கள் நன்றாக ஒட்டும், அடர்த்தியும் அழகாக வரும். ஆனால் ஆக்சிஜன் உள்ளேயே தங்கிவிடும். வலிமை ஏறும், நீட்சி இறங்கும். கிரேடு 5-க்கு (6-4-இன் தரப்பெயர் அதுதான்) உச்சவரம்பு 0.20 சதவீதம். பொடியே 0.18-இல் வந்தால் கையாளலுக்கும் சூளைக்கும் சேர்த்து மிச்சம் 0.02. ஏறிய ஆக்சிஜனை இறக்கப் பட்டறையில் வழி கிடையாது. விலையைப் பேசுவதற்கு முன் அந்தத் தொகுதியின் ஆக்சிஜன் சான்றிதழைக் கேளுங்கள், 0.12-க்கு மேல் என்றால் நான் தொடமாட்டேன். நுண்ணிய பொடி சீக்கிரம் இறுகும் என்று ஆசை காட்டுவார்கள். துகள் சிறுத்தால் மேற்பரப்பு பெருகும், அதோடு ஆக்சிஜனும். குளோரைடு அளவையும் கேளுங்கள்: ஸ்பாஞ்சில் (பொடிக்கு மூலமான, துளைகள் நிறைந்த டைட்டானியத்தில்) தங்கிய உப்பு உண்டாக்கும் நுண்துளைகள் ஹிப்பில்கூட முழுதாக மூடுவதில்லை.

உராய்வைக் குறைக்கும் துத்தநாக ஸ்டியரேட்டைப் பொடியில் கலக்காதீர்கள், கார்பன் ஏறும். டையின் சுவரில் மட்டும் மெல்லப் பூசுங்கள்.

சூளை 1250 டிகிரி, 3 மணி நேரம், 10⁻⁵ மில்லிபார் வெற்றிடம். இரும்புத் தட்டில் வைத்துவிடாதீர்கள். டைட்டானியமும் இரும்பும் சேர்ந்தால் 1085 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். அலுமினாத் தட்டும் ஆக்சிஜனைக் கொடுத்துவிடும். இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) பூசிய மோலிப்டினம் தகடு வேண்டும். வாடகைச் சூளை என்கிறீர்கள், அதில் இதுவரை என்னென்ன வெந்தது என்று விசாரியுங்கள். மெழுகு எரித்த சூளை வேண்டாம். வால்வை மூடிவிட்டு அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை நேரில் நின்று பாருங்கள், கசிவு தெரிந்துவிடும். துண்டுகளைச் சுற்றி டைட்டானியம் ஸ்பாஞ்சைப் பரப்புங்கள்; மிஞ்சிய ஆக்சிஜனை முதலில் அது வாங்கிக்கொள்ளும்.

ஆய்வுக்கூடம்:
ஐயா சொன்னதோடு ஒன்று. ஹைட்ரஜனை நீக்காமல் டைட்டானியம் ஹைட்ரைடு பொடியையே அழுத்தலாம். கீவ் நகரில் இவாசிஷின் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஹைட்ரைடு நொறுங்கும் தன்மையுள்ளது. அழுத்தும்போது உடைந்து இடைவெளிகளை நிரப்பும். வெளியேறும் ஹைட்ரஜன் துகள் பரப்பையும் சுத்தமாக்கும். ஆனால் சுருக்கம் அதிகம். வெளிவரும் அத்தனை ஹைட்ரஜனையும் பம்ப் தாங்க வேண்டும், அதற்கான பாதுகாப்பும் சூளையில் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு_நாகை:
தீயைப் பற்றி யாரும் எழுதவில்லை. டைட்டானியம் பொடி பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது. கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் கூடாது, இந்த உலோகம் அதிலும் எரியும், நைட்ரஜனிலும் எரியும். உலோகத் தீக்கென்று உள்ள டி வகை அணைப்பான் அல்லது உலர்ந்த உப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கலக்கும் டிரம்முக்கு எர்த் கொடுங்கள். சாதாரண வேக்குவம் கிளீனரால் தூசியை உறிஞ்ச வேண்டாம்.

கோவைப்பட்டறை:
எல்லோருக்கும் நன்றி. ஐயா, இரண்டு சந்தேகங்கள். எவ்வளவு அடர்த்தி வந்தால் கடல்நீர் உள்ளே புகாது? டையை எந்த அளவில் வெட்டுவது?

சூளையடி:
95 சதவீதத்தைத் தாண்டினால் துளைகள் பெரும்பாலும் தனித்தனியாக மூடிக்கொள்ளும்; 97-ஐக் குறி வையுங்கள். ஓயாத அதிர்வில் களைப்படையும் பாகம் என்றால் மிஞ்சிய துளைகளை மூட ஹிப் தேவைப்படும். துளை மூடிய துண்டுக்கு எஃகுக் கூடு வேண்டாம், அப்படியே வைக்கலாம். இடைவளையத்துக்கு அவ்வளவு தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

அழுத்தியது 82 சதவீதம், வெந்தது 97 என்றால் நீளவாட்டுச் சுருக்கம் ஏறக்குறைய 5.4 சதவீதம், டை 31.7 மி.மீ. வரும். அழுத்திய திசையில் சுருக்கம் சற்று மாறும். முதலில் கையிலிருக்கும் பழைய டையிலேயே சில துண்டுகளை அழுத்தி, வேகவைத்து அளந்துவிட்டுப் புது டைக்கு ஆர்டர் கொடுங்கள். கூடவே ஒரு மெல்லிய டைட்டானியம் தகட்டையும் சூளையில் வையுங்கள். முன்னும் பின்னும் அதன் ஆக்சிஜனைச் சோதித்தால், ஏறியதில் சூளையின் பங்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

வாடிக்கையாளரிடம் 6-4 கட்டாயமா என்றும் கேளுங்கள். கடல்நீரைத் தாங்குவது மட்டுமே தேவை என்றால் தூய டைட்டானியம் கிரேடு 2 போதும். கலக்கும் வேலை இல்லை, ஆக்சிஜன் வரம்பும் 0.25.