ஊர் வீட்டுக்கு எந்த டிவி பெட்டி? வாங்குனவுக அனுபவத்தைச் சொல்லுங்க

நான் சென்னையில, ஆத்தாவும் அப்பச்சியும் கானாடுகாத்தான் வீட்டுல. அவுக ரெண்டு பேருக்கும் டிவியில யூடியூப், ஓடிடி எல்லாம் ஒழுங்கா வரவைக்கணும்னு, டிவியோட சொருகி நெட்டுல படம் பாக்குற பெட்டியை ரெண்டு வருசமா மாத்தி மாத்திப் பாத்துட்டேன். நான் பட்டதை முதல்ல எழுதுறேன், அப்புறம் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர்னு எங்கிட்டு இருந்தாலும் உங்க வீட்டுல என்ன ஆச்சுன்னு கீழ போடுங்க. இந்த ரிவியூ வீடியோ எல்லாம் ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டுல உக்காந்து எடுக்குறது, அதைப் பாத்து நம்ம வீட்டுக்கு வாங்கக்கூடாதுங்கிறதைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன்.

முதல்ல வாங்குனது ஒரு ஸ்டிக், அதாவது டிவியோட எச்டிஎம்ஐ ஓட்டையில சொருகுற குட்டிப் பெட்டி. டிவி பழசு, ஸ்மார்ட் டிவி கிடையாது, ஆனா எச்டிஎம்ஐ ரெண்டு இருக்கு. பிளக் பாயின்ட் எட்டலைன்னு டிவி பின்னாடி இருக்குற யூஎஸ்பியிலயே ஸ்டிக்குக்கு கரண்டு குடுத்துட்டு நான் பஸ் ஏறிட்டேன். மறுநாள்லேருந்து ஆத்தா போன். "தம்பி, அது தானா அணையுது தானா எந்திரிக்குது, நான் எதையும் தொடலப்பா"ன்னு பயந்துபோய்ச் சொல்றாக. அவுக மேல ஒரு தப்பும் இல்ல. பழைய டிவி யூஎஸ்பியில வர்றது பெரும்பாலும் 0.5 ஆம்பியர்தான், ஸ்டிக்கோட குடுக்குற அடாப்டர் 1 ஆம்பியர். மெனு பாக்குற வரைக்கும் தாங்கும், படம் ஓட ஆரம்பிச்சதும் பத்தாம ரீஸ்டார்ட் ஆயிரும். ஒரு எக்ஸ்டென்சன் பாக்ஸ் போட்டு அடாப்டரைச் சொருகுனதோட அது முடிஞ்சுச்சு. யாரு ஸ்டிக் வாங்குனாலும் அதோட வர்ற அடாப்டரைத் தூக்கிப் பரண்ல போட்டுறாதீக.

அடுத்தது வைஃபை, என்னை ரொம்ப அலைய விட்டது இதுதான். நம்ம செட்டிநாட்டு வீட்டு அமைப்பு உங்களுக்கே தெரியும், முகப்பு, வளவு (நடு முற்றம்), ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு ஒரு தெருவுல நுழைஞ்சா அடுத்த தெருவுல போய் முடியும். ஃபைபர் போட வந்த தம்பி தெருப்பக்கம் ஈஸின்னு முகப்புலயே மோடத்தை மாட்டிட்டாரு, அதுவும் பெரிய பெல்ஜியம் கண்ணாடிக்குக் கீழ. டிவி இருக்குறது ரெண்டாங்கட்டு ரூம்ல. நடுவுல எத்தனை செவருன்னு எண்ணுனேன், நாலு, ஒவ்வொண்ணும் அந்தக் காலத்து செங்கச் செவரு, மேல சுண்ணாம்புக் காரை. மோடம் பக்கத்துல நின்னு போன்ல பாத்தா 90 எம்பிபிஎஸ் மேல வருது, டிவிகிட்ட வந்தா வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை லிஸ்ட்லயே காணோம், தூரம் போற 2.4ல புடிச்சா 2 எம்பிபிஎஸ், நல்லா இருந்தா 3. நெட்ஃபிளிக்ஸ் அவுகளே சொல்ற கணக்கு 1080பி தெளிவுல படம் வர 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15. அப்ப நான் எந்தப் பெட்டி வாங்கி என்ன பிரயோசனம், பெட்டி வரைக்கும் தண்ணி வந்தாத்தானே பெட்டி குடம் ரொப்பும். கண்ணாடியையும் நான் முதல்ல கண்டுக்கலை, அது பின்னாடி பூசியிருக்குற ரசம் உலோகம், சிக்னலைத் திருப்பி அடிச்சிரும். மோடத்தை அங்கேருந்து நகட்டுனதும் வளவு வரைக்கும் கொஞ்சம் தெளிவாச்சு, ரெண்டாங்கட்டுக்கு மட்டும் அப்பவும் வரலை.

கடைசியில லேன் வயர்தான். வளவுல ஓடு இறங்குற ஓரமா, உத்தரத்துக்கு மேலயே வயரை இழுத்து, பர்மா தேக்குல ஒரு ஆணி கூட அடிக்காம கட்டுக்கம்பி வச்சு அங்கங்க கட்டி, ரெண்டாங்கட்டுல ஒரு சின்ன ரவுட்டர் வச்சாச்சு. லேன் வயர் 100 மீட்டர் வரைக்கும் வேகம் குறையாமப் போகும், எங்க வீட்டுக்கு 42 மீட்டர் ஆச்சு. அன்னைக்கு ராத்திரி அதே ஸ்டிக்குல, அதே பிளான்ல, அப்பச்சி கச்சேரி ஒண்ணு போட்டு ஒரு தடவை கூட சுத்தாம முழுசும் கேட்டாக. அவுக சாஞ்சு உக்காந்து தாளம் போட்டதைப் பாக்கயில எனக்கு மனசு நெறஞ்சு போச்சு.

இப்ப பெட்டிகளுக்கு வர்றேன். அமேசானோட ஃபயர் டிவி ஸ்டிக்குல சாதா மாடலுக்கு 1 ஜிபி ரேம், 8 ஜிபி இடம், 4கே மேக்ஸ்க்கு 2 ஜிபி ரேம். வெலை வித்தியாசம் பாத்து சாதாவை வாங்குறவுக அதுல பத்து பன்னெண்டு ஆப் ஏத்தாம நாலோட நிறுத்திக்கங்க, செட்டிங்ஸ்ல அப்பப்ப கேஷ் (ஆப் சேத்து வச்சிருக்குற தற்காலிக ஃபைல்) கிளியர் பண்ணுங்க. முதல் பக்கத்துல விளம்பரம் தானா ஓடுறதை பிரிஃபரன்சஸ்ல ஃபீச்சர்டு கன்டென்ட்னு இருக்கும் பாருங்க, அங்க போய் நிறுத்தலாம், நெட் மெதுவா இருக்குற வீட்டுல அதுவே பெரிய உதவி. அதுல குரலைக் கேக்குற அலெக்ஸாவுக்கு தமிழ் வராது, ஆத்தா தமிழ்ல பேசினா அதுக்குப் புரியலை. கூகுள் டிவி பெட்டியில யூடியூபைத் திறந்துட்டு மைக்கை அமுக்கி சாமி பாட்டு பேரைச் சொன்னாக, வந்துருச்சு. எங்க வீட்டுல இதுதான் முடிவு பண்ணுச்சு, ஏன்னா எழுத்து எழுத்தா அமுக்கித் தேட அவுகளுக்குக் கண்ணு ஒத்துழைக்கலை. கூகுள் டிவி போட்ட கூகுளோட குரோம்காஸ்ட் பெட்டி 2022ல இங்க வந்துச்சு, 2024ல தயாரிப்பையே நிறுத்திட்டாக, கடையில பழைய ஸ்டாக் கெடச்சா உண்டு. ஷாவ்மியோட மி பாக்ஸ் 4கே 2020ல 3,499 ரூபாய்க்கு வந்தது, அதுல லேன் ஓட்டை கெடையாதுங்கிறதை செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவுக கவனிங்க.

சிங்கப்பூர்ல இருக்குற தம்பி ஒரு ஆப்பிள் டிவி 4கே கொண்டாந்தான். 2022 மாடல், அதுல 64 ஜிபிக்கு லேன் கிடையாது, 128 ஜிபிக்குத்தான் உண்டு, அவன் வெவரமா 128 வாங்கியிருந்தான். அங்கத்து பிளக்கு இங்க சேராது, ஆனா பெட்டியில சொருகுற பக்கம் பழைய டேப் ரிக்கார்டருக்குப் போடுவமே எட்டு மாதிரி வயர், அதேதான், வீட்டுலயே ஒண்ணு கெடந்துச்சு. படம் கண்ணுல ஒத்திக்கலாம், முதல் பக்கம் சுத்தமா இருக்கு. ரிமோட்டுதான் தடவுற மாதிரி, ஆத்தா விரல் பட்டாலே எங்கிட்டோ ஓடுது. செட்டிங்ஸ்ல கிளிக் ஒன்லின்னு மாத்துனதுக்கப்புறம் சரியாச்சு, ஆனா அதுக்குள்ள அவுகளுக்கு அது மேல நம்பிக்கை போயிருச்சு. இப்ப அதை நான் சென்னையில வச்சிருக்கேன், ஊருக்கு கூகுள் டிவிதான்.

உங்க வீட்டுக் கதையைப் போடுங்க.

தேவகோட்டையிலேருந்து

அண்ணே, நான் செஞ்ச தப்பை யாரும் செய்யக்கூடாதுன்னு எழுதுறேன். ஆன்லைன்ல பேரு தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ் ஒண்ணு, 4கே 8கேன்னு எல்லாம் அட்டையில போட்டிருந்துச்சு, வெலை கம்மின்னு அப்பச்சிக்கு வாங்கிக் குடுத்துட்டேன். ஆன் பண்ணுனா போன்ல வர்ற மாதிரியே ஸ்கிரீன், ரிமோட்ல அம்புக்குறியை நகட்டி நகட்டி அமுக்கணும், 74 வயசு ஆளு என்ன பண்ணுவாக. சரி அதை விடுங்க, 55 இஞ்ச் டிவியில படம் கலங்கலா வருது. நெட்டைத் திட்டினேன், டிவியைத் திட்டினேன், அப்புறம் காரைக்குடியில ரிப்பேர் பாக்குற அண்ணன் ஒருத்தர்தான் சொன்னாரு, நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப்புங்க எச்டியில ஓடணும்னா பெட்டிக்கு வைட்வைன் எல்1னு ஒரு பாதுகாப்புச் சான்று வேணும், எல்3 மட்டும் இருந்தா சாதா குவாலிட்டியோட நிறுத்திரும், அட்டையில 8கேன்னு அடிச்சிருந்தாலும் அவ்வளவுதான்னு. டிஆர்எம் இன்ஃபோன்னு ஆப் இருக்கு, அதுல பாத்தா எல்1ஆ எல்3ஆன்னு தெரிஞ்சிரும். என்னோடது எல்3.

இன்னொண்ணு, 2023ல டி95ன்னு ஒரு பாக்ஸ்ல வாங்கும்போதே வைரஸ் உள்ள இருந்ததைக் கண்டுபுடிச்சுச் செய்தி வந்துச்சு. அதைப் படிச்சதுக்கப்புறம் எங்க அப்பச்சி பேங்க் ஆப் வச்சிருக்குற போனும் இந்தப் பெட்டியும் ஒரே வைஃபையிலயான்னு எனக்குத் தூக்கமே போயிருச்சு, அன்னைக்கே கழட்டிட்டேன். போனுக்கான ஆண்ட்ராய்டு போட்ட பாக்ஸ் வேற, டிவிக்குன்னே செஞ்ச ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ் வேற, வாங்குறப்ப இதைக் கேட்டு வாங்குங்க.

புதுவயல்ல இருந்து

நான் மருமகளா பேசுறேன், எல்லாரும் ஸ்பீடு, ரேம்னு சொல்றீக, எங்க வீட்டுல பிரச்சினை வேற. எங்க அயித்தைக்கு ராத்திரி சீரியல் மணிக்கு டாண்ணு வரணும், அதுக்கு கேபிள்தான். ஸ்டிக் வந்தப்ப என் வீட்டுக்காரவுக கேபிளை எடுத்துரலாம்னாக, நான்தான் வேணாம்னேன். சன் நெக்ஸ்ட்ல எல்லாம் இருக்கு, ஒத்துக்கிறேன், ஆனா அயித்தைக்கு நம்பர் அமுக்குனா சேனல் வரணும், ஆப் திறந்து உள்ள போறது அவுகளுக்கு இன்னொரு வீட்டுக்குள்ள போற மாதிரி. நாங்க இல்லாத நேரத்துல அவுக டிவி பாக்க முடியாம சும்மா உக்காந்திருக்குற நெலமை வரக்கூடாது. அதனால எச்டிஎம்ஐ 1ல கேபிள் பாக்ஸ், 2ல ஸ்டிக்.

ஆனா பேரன் ஸ்டிக்ல கார்ட்டூன் பாத்துட்டு அப்படியே போயிருவான், அயித்தை கேபிள் ரிமோட்டை எவ்வளவு அமுக்கினாலும் ஒண்ணும் வராது. இன்புட் மாத்தத் தெரியாம ரெண்டு நாள் பாக்காமலே இருந்திருக்காக, என்கிட்ட கேக்கவும் தயங்கிட்டாக, அது தெரிஞ்சப்ப எனக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு. டிவி செட்டிங்ஸ்ல சிஇசின்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு கம்பெனியும் அதுக்கு வேற வேற பேரு வச்சிருப்பாக, அதை ஆன் பண்ணா ஸ்டிக் ரிமோட்டை எடுத்ததும் டிவி தானா ஸ்டிக்குக்கு மாறுது, ஸ்டிக்கை அணைச்சா எங்க டிவியில பழையபடி கேபிளுக்கு வந்துருது. டிவி ரிமோட்ல இன்புட் பட்டன் மேல ஒரு செவப்பு பொட்டும் ஒட்டி வச்சிருக்கேன், மாறலைன்னா அதை அமுக்குங்க அயித்தைன்னு. இப்ப ஒரு தொந்தரவும் இல்ல.

கோட்டையூர், இப்ப பெங்களூர்

எங்க வீடு வருசத்துல முக்காவாசி நாளு பூட்டியே கெடக்கும், பங்காளிக எல்லாம் முன்னோரைக் கும்பிடுற படைப்புக்கு, பிள்ளையார் நோன்புக்கு, கல்யாணத்துக்குன்னு கூடுனாத்தான் தொறக்குறது. அதுக்குன்னு மாசாமாசம் ஃபைபருக்கு யாரு கட்டுறது, எந்தப் புள்ளி (குடும்பம்) கட்டுறதுன்னு பேச்சு வரும். அதனால நான் ஸ்டிக்கைப் பையில போட்டுக் கொண்டுபோயிருவேன், போன் ஹாட்ஸ்பாட்ல ஓட்டுறது. போன படைப்புக்கு கிரிக்கெட் மேட்ச், வளவுல ஜமுக்காளம் விரிச்சு நாப்பது பேரு, சின்னதுலேருந்து ஐயா வரைக்கும். முக்கா மணி நேரத்துல என் டேட்டா முடிஞ்சிருச்சு. எச்டியில மணிக்கு 3 ஜிபி வரைக்கும் இழுக்கும், எனக்கு நாளைக்கு 2 ஜிபி பிளான். அப்புறம் அயித்தான் போன், அடுத்து சித்தப்பா போன்னு மாத்தி மாத்தி முடிச்சோம். குவாலிட்டியைக் கையால 480பிக்குக் குறைச்சு வச்சா தாராளமா ஓடுது, தூரத்துலேருந்து பாக்குறவுகளுக்கு அது போதும்.

லைவ் மேட்ச் மட்டும் கேபிளை விட அரை நிமிசம் போல பிந்திதான் வரும். பக்கத்து வீட்டுல சத்தம் கேட்டதும் எங்க பிள்ளைக எல்லாம் விக்கெட்டுன்னு கத்தும், எங்க திரையில பந்தே போட்டிருக்க மாட்டாரு. பெட்டியை மாத்தினாலும் அது போகாது, ஆப்ல வர்றதே அப்படித்தான்.

பள்ளத்தூர்

முதல்ல எழுதுன அண்ணனுக்கு ஒரு கேள்வி. எங்க வீட்டுலயும் அதே நெலமை, மோடம் முகப்புல, டிவி ரெண்டாங்கட்டுல. செவத்துல ஓட்டை போடாம எப்படிக் கொண்டுபோனீக? எங்க ஐயா இருக்குற வரைக்கும் அந்தக் காரைப் பூச்சுல கை வைக்க விடமாட்டாக. வீடு பூரா வைஃபை பரப்ப அங்கங்க வைக்கிற மெஷ் பெட்டிக வாங்கலாமான்னும் யோசனை.

கானாடுகாத்தான், நான்தான்

ஐயா சொல்றது நூத்துக்கு நூறு சரி, அந்த முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச பூச்சை ஒரு தடவை ஒடைச்சா அதே மாதிரி பூச இன்னைக்கு ஆளு தேடணும், ட்ரில்லு போடவே போடாதீக. நாங்க நிலைக்கு மேல இருக்குற காத்துப் போற கம்பி ஜன்னல் வழியாத்தான் முகப்புலேருந்து வளவுக்கு எடுத்தோம், வளவுலேருந்து ரெண்டாங்கட்டுக்கும் அப்படியே. வயரு மழைச் சாரல் படுற எடத்துல மட்டும் ஒரு பிவிசி குழாய்க்குள்ள விட்டோம். மெஷ் நானும் யோசிச்சேன், ஆனா அந்தப் பெட்டிகளும் ஒண்ணுக்கொண்ணு வைஃபையிலதான் பேசிக்கும், நாலு செவரு தாண்டி அதுவும் திணறும், மெஷ் வாங்குனாலும் நடுவுல வயரு குடுத்துருங்க.

முதல்ல சணல் கயிறு வச்சு வயரு போற வழி பூரா அளந்துக்கங்க, தூண் சுத்துறது, ஏத்தம் இறக்கம் எல்லாம் சேத்து. அதுக்கு மேல அஞ்சு மீட்டர் கூட வாங்குங்க, கேட்6ங்கிற லேன் வயர் ரகம், உள்ள கம்பி முழு செம்பு. ஐயாகிட்ட கயித்தை முதல்ல கட்டிக் காட்டிருங்க, எங்க அப்பச்சி அதைப் பாத்துட்டுத்தான் சரின்னாக.